மாதா மேசையில் திறந்திருந்த மைக்

பதின்மூன்று வயதில் என் பெயரை என்னால் சொல்ல முடியாது. மறந்துபோய் அல்ல. அதன் முதல் எழுத்து தொண்டையில் கதிரை போட்டு உட்கார்ந்துவிடும். எவ்வளவு தள்ளினாலும் எழும்பாது. வீட்டுக்கு வருகிறவர்கள், "பிள்ளைக்கு என்ன பேர்?" என்று கேட்டு முடிப்பதற்குள் அம்மா சொல்லிவிடுவார். "எத்தினையாம் ஆண்டு படிக்கிறா?" என்றால் அண்ணன் சொல்லிவிடுவான். எனக்குப் பிடித்த கறி, பிடித்த பாடம், காய்ச்சல் எப்போது தொடங்கியது என்பதெல்லாம் என் வாயைத் தவிர மற்ற எல்லா வாய்களிலிருந்தும் வரும். அன்பினால்தான் செய்தார்கள். அந்த அன்பை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் கொஞ்சம் எரிச்சல் வருகிறது.

நான் திக்காமல் பேசிய இடம் ஒன்றே ஒன்று, செபமாலை. மன்னார் தீவில், கடற்கரையோடு ஒட்டிய எங்கள் ஊரில், பொழுதுபட்டால் வீட்டுக்கு வீடு செபமாலைச் சத்தம் கேட்கும். அந்தச் செபத்துக்கு ஓர் இழுவை உண்டு. அது என்னைத் தூக்கிக்கொண்டு போய்விடும். ஒருவர் முதல் பாதியைச் சொல்ல, மற்றவர்கள் அடுத்த பாதியைச் சொல்ல வேண்டும். அந்த முதல் பாதியைச் சொல்ல அம்மா என்னைத்தான் முன்னால் தள்ளுவார். என் நாக்கு இளக வேண்டும் என்று மடு மாதாவுக்கு நேர்த்தி வைத்திருந்தவர் அவர். நான் செபம் சொல்லும்போது, நேர்த்தி பாதி பலித்துவிட்ட மாதிரி அவருடைய முகம் மலரும்.

"பாருங்கோவன், செபத்தில பிள்ளைக்கு ஒரு சொல்லும் தடக்கேல்ல" என்று பெண்கள் தங்களுக்குள் சொல்லிக்கொள்வார்கள். செபம் முடிந்து தண்ணீர் கேட்கப் போனால், அதே பெண்கள் நான் கேட்டு முடிக்குமுன்பே செம்பை நீட்டிவிட்டு வேறு பக்கம் பார்ப்பார்கள். யாரோ எழுதி வைத்த சொற்களை நான் சொன்னால் ஊருக்கே பிடித்தது. என்னுடைய சொல் ஒன்றுக்குக் காத்திருக்கத்தான் ஒருவருக்கும் நேரம் இல்லை. ஊருக்கு அதிசயமாக இருப்பது சலிப்பான வேலை.

அந்த வருடம் அண்ணன் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருந்தான். கொழும்பிலிருந்த மாமா, தான் வேலை செய்த கந்தோரில் கழித்துவிட்ட கணினி ஒன்றை அவனுக்கு அனுப்பினார். அது எங்கள் முன்னறையில் இருந்த பெரிய மேசையில் ஏறி உட்கார்ந்தது. வீட்டில் கால் ஆடாத மேசை அது ஒன்றுதான். அண்ணன் விளையாடுவதை நான் பின்னால் நின்று பார்த்தேன். பிறகு அவன் வெளியே போகிற நேரங்களில் விளையாடினேன். கொஞ்ச நாளில் அவன் என் பின்னால் நின்று பார்க்கத் தொடங்கினான்.

ஐந்து பேர் ஓர் அணி, எதிரே ஐந்து பேர். இடிந்த கட்டடங்களுக்குள் ஒருவரை ஒருவர் தேடிச் சுட வேண்டும். கண்ணால் காண்பதற்கு முன்பே, காலடிச் சத்தத்தில் எதிரி எந்தப் பக்கம் வருகிறான் என்று எனக்குத் தெரிந்துவிடும். "கதைக்காததுகளுக்குக் காது கூர்மை" என்றான் அண்ணன். காது எல்லோருக்கும் ஒரே காதுதான். மற்றவர்கள் ஓயாமல் கதைப்பதால் அவர்களுக்குக் கேட்பதில்லை.

ஒரு நாள் ஆட்டம் முடிந்ததும், எதிர் அணியில் இருந்த ஒருவர் எழுத்தில் செய்தி அனுப்பினார். தமிழ் ஆட்கள் சேர்ந்து விளையாடுகிற குழு ஒன்று இருக்கிறதாம். வவுனியாவில் இருக்கும் ஒருவர் அதை நடத்துகிறார், எல்லோரும் அவரைத் தலைவர் என்றுதான் கூப்பிடுவார்கள், யாழ்ப்பாணம், சென்னை, கனடா என்று எங்கெங்கோ இருந்து ஆட்கள் வருவார்கள், நீங்களும் வாறீங்களா? வருவதானால் ஓர் அரட்டைச் செயலியைக் கணினியில் ஏற்ற வேண்டும். விளையாடிக்கொண்டே எல்லோரும் அதற்குள்தான் பேசிக்கொள்வார்கள்.

அண்ணனிடம் அதைக் காட்டினேன். அவன் வாசித்துவிட்டுச் சிரித்தான்.

"உனக்கேன் உது? உது கதைக்கிறதுக்கெண்டு இருக்கிற சாமான்."

கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் அவன் சிரித்த கணத்திலேயே நான் முடிவெடுத்துவிட்டேன். அதுவரை எனக்கு அந்தக் குழு வேண்டுமா, இல்லையா என்று தெரியாது. இப்போது வேண்டும். அதுவும் கதைப்பதற்காகவே வேண்டும்.

எங்கள் கரையில் இணையம் காற்றைப் பார்த்துத்தான் வரும். தலைமன்னார்ப் பக்கம் போனால் கைபேசி எங்களைக் கேட்காமலே கடலைத் தாண்டி, இந்தியாவுக்கு வரவேற்கிறோம் என்று செய்தி காட்டும். வீட்டுக்குள் வந்தால் உள்ளூர்ச் சிக்னலே ஒளித்து விளையாடும். செயலி இறங்க ஒரு பின்னேரம் முழுவதும் எடுத்தது. இறங்கியதும் அது கேட்ட முதல் கேள்வி, பெயர்.

எந்தப் பெயரும் வைக்கலாம் என்றது. எனக்கு அந்த இடத்திலேயே அதன்மேல் மதிப்பு வந்துவிட்டது. கிணற்றடிக்குப் போய் நின்று, ஒவ்வொரு பெயராக வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். ககரத்திலும் பகரத்திலும் தொடங்கியவை எல்லாம் தொண்டையிலேயே நின்றுவிட்டன. ஓரா மட்டும் ஓரளவு வெளியே வந்தது. ஓரா எங்கள் கடலில் பிடிபடுகிற சின்ன மீன். சொதிக்கு நல்லது. வலையிலிருந்து எடுக்கும்போது கவனம் தப்பினால் அதன் முள் ஏறிவிடும். பெரிய ஆம்பிளைகளே கையை உதறிக்கொண்டு துள்ளுவதைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பெயர் எனக்குப் பொருத்தம் என்று பட்டது.

அடுத்ததாக, கைபேசிக்கு ஓர் இரகசிய இலக்கம் வரும், அதைப் பதியுங்கள் என்றது. கைபேசி அம்மாவிடம் இருந்தது. அம்மா வேலிக்கு அங்கால், கருவாடு காயப்போடுகிற வெளியில் நான்கைந்து பெண்களோடு நின்றார். என்னால் கூப்பிட முடியாது என்பதால் அண்ணன்தான் வேலியில் ஏறிக் கத்தினான்.

"அம்மா, போனில என்ன வந்திருக்கு? வாசியுங்கோ!"

அம்மா கையைத் துடைத்துவிட்டு, ஒவ்வோர் இலக்கமாகச் சத்தமாக வாசித்தார். காற்றில் எங்களுக்குக் கேட்காமல் போய்விடும் என்று பக்கத்தில் நின்ற பெண்கள் திருப்பிச் சொன்னார்கள். இந்த இலக்கத்தை எவருக்கும் சொல்ல வேண்டாம் என்று அந்தச் செய்தியிலேயே எழுதியிருந்தது. அம்மா அதையும் சேர்த்துத்தான் வாசித்தார்.

கடைசியாக மைக்கைச் சரிபார்க்க வேண்டும். ஏதாவது பேசுங்கள் என்றது செயலி. பேசினால் ஒரு பச்சைக் கோடு எழும்பும். நான் சொல்லைத் தள்ளிக்கொண்டிருந்த நேரம் முழுவதும் அது எழும்பவில்லை. முகம் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்து நான் பட்ட பாட்டை அந்த இயந்திரம் வெறும் அமைதி என்று எடுத்துக்கொண்டது. பேசுவதற்கு இரண்டு வழிகள் இருந்தன. ஒரு விசையை அமர்த்திப் பிடித்துக்கொண்டு பேசலாம். அல்லது சத்தம் கேட்டால் மைக் தானாகத் திறக்கும்படி விடலாம். விசையையும் பிடித்துக்கொண்டு சொல்லையும் தள்ளுவது எனக்கு இரட்டை வேலை. தானாகத் திறக்கட்டும் என்று விட்டேன். பிறகு வந்த வினை எல்லாம் அதனால் வந்ததுதான்.

புதிதாக வருகிற எவரும் குரல் அறைக்குள் வந்து, பெயரையும் ஊரையும் வாயால் சொல்ல வேண்டும் என்பது குழுவின் விதி. ஒரே கணக்கில் இரண்டு பேர் மாறி மாறி விளையாடி ஏமாற்றியது முன்பு நடந்திருக்கிறது. குரல் அறை என்பது திரையில் ஒரு வரிசைதான். உள்ளே இருப்பவர்களின் பெயர்கள் ஒன்றன் கீழ் ஒன்றாகத் தெரியும்; யார் பேசுகிறாரோ அவரைச் சுற்றிப் பச்சை வளையம் ஒளிரும். நான் உள்ளே போனபோது ஏழு பெயர்கள் இருந்தன.

"வாங்கோ. பேரும் ஊரும் சொல்லுங்கோ" என்றார் தலைவர். இளம் குரல். அண்ணனைவிட நான்கைந்து வயதுதான் கூட இருக்கும்.

"ஓ... ஓ... ஓரா. ம்... ம்..."

மன்னார் வரவில்லை. அந்த மகரம் உதட்டில் ஒட்டிக்கொண்டு நின்றது.

"சிக்னல் விட்டு விட்டு வருதும்மா" என்றான் சென்னைக்காரன் ஒருவன். "வெளிய வந்து நின்னு பேசு."

"சி... சிக்னல் இல்லை. நா... நான்தான்" என்றேன்.

பிறகு தலைவர் பேசினார். கோபமாகவோ, இரக்கமாகவோ இல்லை. "பிரச்சினை இல்லை. ஆனா விளையாட்டில எதிரி எந்தப் பக்கம் வாறான் எண்டு உடன சொல்ல வேணும். அது உங்களுக்கு ஏலுமோ?"

நான் வாயால் பதில் சொல்லவில்லை. நகத்தால் மைக்கில் ஒரு தடவை தட்டினேன். எழுத்தில், 'இது இடது' என்று அனுப்பினேன். இரண்டு தடவை தட்டினேன். 'இது வலது.' அன்றைக்கு அந்தத் தட்டலை வைத்துக்கொண்டே விளையாடினோம், வென்றோம். என் காது பிழை விடவில்லை. சென்னைக்காரன், "மரங்கொத்தி மாதிரி தட்டுதுப்பா" என்று சிரித்தான். ஒரு கிழமை, ஏழு நாள், பார்த்துவிட்டு நிரந்தரமாகச் சேர்ப்பதா என்று சொல்கிறேன் என்றார் தலைவர்.

அந்தக் கிழமை நான் பறந்துகொண்டிருந்தேன். பள்ளிக்கூடம் விட்டதும் ஓடிவந்து தட்டினேன். அங்கே எனக்காகப் பெயர் சொல்ல அம்மா இல்லை, வகுப்புச் சொல்ல அண்ணன் இல்லை. அந்த இடத்தை இழக்க நான் ஆயத்தமாக இல்லை.

கிழமை முடிகிற சனிக்கிழமை எங்கள் வீட்டுக்கு மாதா வந்தார். ஒக்டோபர் செபமாலை மாதம். மாதா சுரூபத்தை ஒவ்வொரு நாளும் ஒரு வீட்டுக்குப் பாட்டும் மெழுகுதிரியுமாகத் தூக்கி வருவார்கள். அந்த வீட்டில் ஊர் கூடிச் செபமாலை சொல்லும். மாதா இரவு அங்கே தங்கி, அடுத்த நாள் பொழுதுபட அடுத்த வீட்டுக்குப் போவார். எங்கள் முறை வருகிறதென்று அம்மா இரண்டு கிழமையாகச் சுவர் கழுவினார். சனி பின்னேரம் நான் ஓர் ஆட்டத்தை முடித்துவிட்டு, குரல் அறையிலேயே இருந்து மற்றவர்களின் கதையைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"எழும்பு, குளிச்சிட்டு வெளிக்கிடு. மாதா சந்திக்கு வந்திட்டா!" அம்மா போட்ட சத்தத்தில் ஹெட்செட்டைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு ஓடினேன். திரும்பி வந்து மூடலாம் என்று நினைத்தேன்.

திரும்பி வந்தபோது மேசையைக் காணவில்லை. மேசை இருந்த இடத்தில் ஒரு பீடம் இருந்தது. கால் ஆடாத மேசை அது ஒன்றுதான் என்பதால் மாதாவுக்கும் அதுதான் கிடைத்தது. அம்மா திரையின் பொத்தானை அமர்த்தி, அதைச் சுவரோரம் தள்ளிவைத்து, எல்லாவற்றையும் மூடி வெள்ளைப் பின்னல் விரிப்பைப் போட்டிருந்தார். திரை கறுத்தால் கணினி நின்றுவிட்டது என்பது அம்மாவின் கணக்கு. விரிப்பின் மேல் பூ, மெழுகுதிரி, நடுவில் மாதா. மாதாவின் காலடியில், விரிப்புக்குக் கீழே, ஹெட்செட் கிடந்தது. அண்ணன் அணைத்திருப்பான் என்று நான் நினைத்துக்கொண்டேன். அவனோ வாசலில் பந்தம் பிடித்துக்கொண்டு நின்றான்.

முன்னறை நிறைந்து, முற்றத்திலும் ஆட்கள் நின்றார்கள். அம்மா வழக்கம்போல என் முதுகில் கை வைத்துத் தள்ளினார். நான் முழந்தாளிட்டு, மேசைக்கு மிகக் கிட்ட இருந்து, முதல் பாதியைச் சொல்லத் தொடங்கினேன். அன்றைக்கு என் குரல் நன்றாக இருந்தது. ஒரு கிழமைச் சந்தோசம் அதற்குள் இருந்தது. பத்துப் பத்தாகச் செபம் உருண்டு போயிற்று. ஒரு சொல்லில்கூட நான் நிற்கவில்லை. மன்றாட்டு மாலையையும் நானே சொல்லி முடித்தேன். அவித்த கடலையும் தேநீரும் கொடுத்து ஆட்களை அனுப்பினோம்.

பிறகுதான் விரிப்புக்குக் கீழே இருந்து கணினியின் இரைச்சல் கேட்டது. ஓரத்தைத் தூக்கித் திரையைப் போட்டேன். செய்திகள் கீழிருந்து மேலே நிறைந்து கிடந்தன.

'ஓரா, மைக் திறந்திருக்கு.' 'ஓரா???' 'இது என்ன, கோயிலா?' 'முன்னுக்குச் சொல்லுற பிள்ளை ஆர்?' 'அது ஓராவின்ர குரல்தான்.' 'ஒரு இடத்திலயும் திக்கேல்லையே.' அதற்குக் கீழே சென்னைக்காரன் ஒரே ஒரு சொல் எழுதியிருந்தான். 'நடிப்பு.'

கடைசியில் தலைவர் எழுதியிருந்தார். 'ஓரா, ஒண்டில் இந்தக் கணக்கில ரெண்டு பேர் இருக்கிறீங்கள். இல்லாட்டி எங்களை வைச்சுப் பகிடி விட்டிருக்கிறீங்கள். நாளைக்குப் பின்னேரம் குரல் அறைக்கு வந்து சொல்லுங்கோ. வராட்டி உங்களைக் குழுவில இருந்து எடுக்க வேண்டி வரும்.'

அண்ணன் எல்லாவற்றையும் வாசித்து அம்மாவுக்குச் சொன்னான். எங்கள் வீட்டுச் செபமாலை கனடா வரை போய்விட்டது என்றதும் அம்மா நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து, "எத்தினை பேர் கேட்டவையாம்?" என்று மெல்லக் கேட்டார்.

நான் 'நடிப்பு' என்ற சொல்லையே பார்த்துக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடத்தில் என்னைத் திக்குவாய் என்றிருக்கிறார்கள், என்னைப்போலப் பேசிக் காட்டியிருக்கிறார்கள். அதெல்லாம் பழகிவிட்டது. ஆனால் இதை நான் வேண்டுமென்று செய்கிறேன் என்று எவரும் சொன்னதில்லை. எதற்காக நடிக்க வேண்டும்? நடித்து நான் கண்ட லாபம் என்ன, கேட்காமலே கிடைத்த ஒரு செம்புத் தண்ணீரா? அழுகை வரவில்லை. உடம்பெல்லாம் கொதித்தது.

ஞாயிறு பின்னேரமும் மாதா எங்கள் மேசையில்தான் இருந்தார். பூசை முடிந்து வந்து சாப்பிட்டாகிவிட்டது. ஞாயிறென்பதால் அப்பா கடலுக்குப் போகாமல் பின்பக்கத்தில் நித்திரையாக இருந்தார். நான் விரிப்பின் ஒரு பக்கத்தை மடித்துத் திரையைத் திறந்தேன்.

"மாதாவைக் கொண்டு போனாப்பிறகு கதையன்" என்றார் அம்மா. மாதாவுக்கு முன்னால் நான் திக்குவதை அவர் பார்க்க விரும்பவில்லை. அவருடைய நேர்த்திக்கு அது எவ்வளவு பெரிய அவமானம் என்று எனக்குப் புரிந்தது. புரிந்தும் ஹெட்செட்டை எடுத்தேன்.

"விடு, நான் கதைக்கிறன்" என்றான் அண்ணன். இந்தத் தடவை அவன் சிரிக்கவில்லை. "தங்கச்சிக்கு உண்மையாத்தான் ஏலாது எண்டு சொல்லுறன். ஒரு நிமிசத்தில முடிஞ்சிடும்."

நான் தலையை ஆட்டி மறுத்தேன். குரல் அறைக்குள் போனேன். முதல் நாள் இருந்த ஏழு பேரும் இருந்தார்கள்.

"சொல்லுங்கோ ஓரா" என்றார் தலைவர்.

நான் வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. ஆயத்தம் பண்ணி வைத்திருந்த முதல் சொல் 'செபம்'. அது பல்லுக்குப் பின்னால் சீறிக்கொண்டு நின்றது.

"நேத்து மட்டும் அருவி மாதிரி கொட்டுச்சேம்மா?" என்றான் சென்னைக்காரன். யாரோ சிரித்தார்கள்.

அதற்குள் அம்மா பின்னால் வந்து, என் வாயருகே இருந்த மைக்கைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். "தம்பியவை, நான் இவவின்ர தாய் கதைக்கிறன். பிள்ளைக்குச் சின்னனில இருந்தே..."

நான் அம்மாவின் கையைப் பிடித்து விலக்கினேன். என் வாழ்க்கையில் அதற்கு முன் அப்படிச் செய்ததில்லை. "வே... வேண்டாம் அம்மா" என்றேன். பிறகு மைக்குக்குச் சொன்னேன். "ஒருத்தரும் கதைக்காதேங்கோ. நா... நான் இன்னும் மு... மு... முடிக்கேல்ல."

சொல்லிவிட்டுத் திரையைப் பார்த்தேன். தலைவரின் பெயருக்குப் பக்கத்தில், மைக்கின் படத்தைக் குறுக்கே வெட்டி ஒரு சிவப்புக் கோடு விழுந்தது. அடுத்ததாக யாழ்ப்பாணத்து ஆளின் பெயரில் விழுந்தது. பிறகு கனடாக்காரர். ஒவ்வொன்றாக, கீழே வரை. கடைசியாகச் சென்னைக்காரன்.

என்னை வெட்டிவிட்டார்கள் என்று நினைத்தேன். செம்பை நீட்டிவிட்டு வேறு பக்கம் பார்ப்பதுபோல இங்கேயும் எல்லோரும் கதவைச் சாத்திவிட்டார்கள். என் குரல் இனி எவருக்கும் போகாது. நல்லது. போகாவிட்டாலும் சொல்லத்தான் போகிறேன். ஏழு சிவப்புக் கோடுகளையும் பார்த்துக்கொண்டு, மாதாவின் காலடியில் இருந்து, நான் பேசினேன்.

"செ... செபம் என்ர சொல்லில்லை. அது ஆரோ எழுதி வைச்சது. எல்லாரோடையும் சேந்து ஓடுறது. அதில திக்காது. ஏனெண்டு எனக்குத் தெ... தெரியாது, டொக்டருக்கும் தெரியாது. இது என்ர சொல்லு. இதுக்கு நே... நே... நேரம் எடுக்கும்."

ஒவ்வொரு சொல்லிலும் நின்றேன். சில சொற்களில் கண்ணில் தண்ணீர் வரும் வரை நின்றேன். வேறு சொல் மாற்றிப் போட்டுத் தப்பிக்கிற வழி எனக்குத் தெரியும். எல்லாத் திக்குவாயர்களுக்கும் தெரியும். அன்றைக்கு ஒன்றையும் மாற்றவில்லை. எந்தச் சொல் வேண்டுமோ அந்தச் சொல் வெளியே வரும்வரை அதைத் தள்ளினேன்.

"இந்தக் கணக்கில நா... நான் ஒருத்திதான். தட்டினதும் நான்தான், செபம் சொன்னதும் நான்தான். நான் கெ... கெஞ்ச வரேல்ல. வைச்சிருக்கிறதெண்டா வைச்சிருங்கோ, விடுறதெண்டா விடுங்கோ. ஆனா ந... நடிப்பு எண்டு எழுதினதை அழிக்கோணும். எ... எழுதின ஆள்தான் அழிக்கோணும்."

ஒரு சத்தமும் இல்லை. சிவப்புக் கோடுகள் அப்படியே இருந்தன. பதிலுக்குக் காத்திருக்க நான் என்ன பைத்தியமா? அம்மாவைப்போலத் திரையை மட்டும் அல்ல, கணினியையே அணைத்தேன். திரும்பிப் பார்த்தபோது அண்ணன் சுவரில் சாய்ந்துகொண்டு நிலத்தைப் பார்த்தான். அம்மா முழந்தாளில் இருந்தார். விரிப்பை இழுத்து நேராக்கிவிட்டு நான் கிணற்றடிக்குப் போனேன்.

பொழுதுபட மாதா அடுத்த வீட்டுக்குப் போனார். அங்கே செபமாலைக்கு அம்மா என் முதுகில் கை வைத்தபோது, இன்றைக்கு வேறு யாராவது சொல்லட்டும் என்றேன். அதைச் சொல்லி முடிக்க எனக்குக் கனநேரம் எடுத்தது. அம்மா கையை எடுத்துக்கொண்டார்.

திங்கட்கிழமை பள்ளிக்கூடம் விட்டு வந்து, என்னைக் குழுவிலிருந்து எடுத்திருப்பார்கள் என்ற நினைப்போடுதான் செயலியைத் திறந்தேன். எடுக்கவில்லை. 'நடிப்பு' இருந்த இடத்தில் அது இல்லை. 'தப்பு என்மேலதான் ஓரா, ஸாரி' என்று சென்னைக்காரன் எழுதியிருந்தான். நிரந்தர உறுப்பினர்களுக்கு உரிய நிறத்தில் என் பெயர் மாறியிருந்தது. எப்படி இது நடந்தது என்று யோசித்தேன். யாரோ ஒருவர் கதவைச் சரியாகச் சாத்தாமல் விட்டிருக்கிறார், அவருக்குக் கேட்டிருக்கிறது, அவர் போய் மற்றவர்களுக்குச் சொல்லியிருக்கிறார் என்று கணக்குப் போட்டேன். அவர்களிடம் கேட்கவில்லை. கேட்பதற்கு எனக்கு மனமும் இல்லை. வென்றது நான், சாத்திய கதவுக்கு முன்னால் நின்று வென்றேன் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன். பள்ளிக்கூடத்தில் இரண்டு சிநேகிதிகளுக்கு அந்தக் கதையை அப்படித்தான் சொன்னேன், சொல்லி முடிக்கும்வரை அவர்களை அசையவும் விடவில்லை.

சிவப்புக் கோட்டின் பொருள் சில நாட்களிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. இருமல் வந்தால் என் மைக்கில் நானே போடுவேன், அம்மா கூப்பிட்டால் போடுவேன். ஆனால் அந்த ஞாயிறை அதோடு சேர்த்துப் பார்க்க ஒரு நாளும் தோன்றவில்லை. அந்தக் கோபத்தை நான் பத்திரமாக வைத்திருந்தேன். அதை எடுத்து ஆராய எனக்கு விருப்பம் இல்லை.

இரண்டு வருடம் கழித்து ஹற்றன் பக்கத்திலிருந்து ஒருவன் சேர வந்தான். வாய்க்குள்ளேயே பேசுகிற குரல். அவன் பெயரைச் சொல்லத் தொடங்க, இங்கே ஒருவர் இருமினார், அங்கே ஒருவருடைய மின்விசிறி இரைந்தது, சென்னைக்காரன் ஏதோ பகிடி விட்டான். குரல் அமிழ்ந்து போயிற்று. அப்போது தலைவர் எழுத்தில், அவனுக்குத் தெரியாத இடத்தில், எங்களுக்கு மட்டும் ஒரு வரி அனுப்பினார்.

'எல்லாரும் உங்கட மைக்கை மூடுங்கோ. அவர் சொல்லி முடிக்கட்டும்.'

நானும் அமர்த்தினேன். ஒன்றன் கீழ் ஒன்றாகச் சிவப்புக் கோடுகள் விழுந்தன, ஓரா என்ற பெயரிலும் ஒன்று விழுந்தது. அறை முழுவதும் அமைதியாகி, அந்தப் பையனின் குரல் மட்டும் மிகத் தெளிவாகக் கேட்டது. நான் ஹெட்செட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அப்படியே இருந்துவிட்டேன். அந்த ஞாயிற்றுக்கிழமை எந்தக் கதவும் சாத்தப்படவில்லை. அந்த ஏழு பேரும், சென்னைக்காரன் உட்பட, தங்கள் வாய்களைத்தான் மூடிக்கொண்டு, நான் திட்டத் திட்ட, என்னுடைய கடைசிச் சொல் வரும்வரை கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறார்கள்.